பியாட்ரிஸ் சொன்னதை நம்பியவன்

ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' பற்றிப் பேச்சு வந்தாலே பியாட்ரிஸும் பெனடிக்கும் போடும் வாய்ச்சண்டைதான் முதலில் வரும். ஒருத்தி ஒன்று சொல்ல, அவன் ஒன்பது சொல்ல, கடைசியில் இரண்டு பேருமே மாட்டிக்கொள்ள, நல்ல வேடிக்கைதான். முதலாம் சார்லஸ் மன்னர்கூடத் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இந்த நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இவர்கள் பெயரைத்தான் எழுதி வைத்தார். ஆனால் அந்தச் சண்டையைக் காதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் நண்பர்கள் ஒளிந்து நின்று 'அவள் உனக்காக உருகுகிறாள்' என்று கதை கட்ட, அதை இவன் ஒட்டுக்கேட்டு மயங்குகிற காட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே அவனுக்குக் குளிர்ந்துபோவது பெரும்பாலும் தற்பெருமை. இந்த நாடகத்தில் காதல் வருவது நான்காம் அங்கத்தில்தான், ஒரு கல்யாணம் நாறிப்போன பிறகு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மெசினா நகரத்து ஆளுநர் லியோனாட்டோவின் மகள் பெயர் ஹீரோ. (ஆமாம், பெண்ணின் பெயர்தான் ஹீரோ. குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) பியாட்ரிஸ் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி. போர் முடித்துத் தன் நண்பன் பெனடிக்கோடு வரும் கிளாடியோ என்ற இளம் பிரபுவுக்கு ஹீரோவைப் பிடித்துப்போகிறது. தன் இளவரசன் டான் பெட்ரோவிடம் மனதைத் திறக்கும்போது அவன் முதலில் விசாரிப்பது என்ன தெரியுமா? லியோனாட்டோவுக்கு மகன் யாராவது உண்டா என்று. சொத்து யாருக்குப் போகும் என்பது தெரிந்தாக வேண்டும் அல்லவா! அப்புறம் இளவரசனே தூது போய்ப் பேசி முடித்துத் தருகிறான். இளவரசனின் தம்பி டான் ஜான் கெட்டவன். கல்யாணத்துக்கு முந்தைய இரவு ஜன்னலில் ஒரு பணிப்பெண்ணை நிறுத்தி, ஹீரோவே வேறொருவனுடன் பேசுவதுபோல ஒரு நாடகம் போட்டுக் காட்டுகிறான். மறுநாள் தேவாலயத்தில், ஊர் கூடியிருக்க, 'இவள் கெட்டுப்போனவள்' என்று சொல்லி ஹீரோவைத் திருப்பிக் கொடுக்கிறான் கிளாடியோ.

கிளாடியோ பாவம், அவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இதே டான் ஜான் கொஞ்ச நாள் முன்புதான் 'இளவரசன் ஹீரோவைத் தனக்காகவே கேட்கிறான்' என்று ஒரு பொய் சொன்னான். அதையும் கிளாடியோ யோசிக்காமல் நம்பினான். அண்ணனையே எதிர்த்து நின்ற ஆள் டான் ஜான் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இரண்டாவது தடவையும் அதே வாயை நம்புகிறான். அதைவிட மோசம், ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்பே, 'இன்று இரவு எதையாவது பார்த்தால் நாளை சபை நடுவிலேயே அவளை அவமானப்படுத்துவேன்' என்று அறிவித்துவிடுகிறான். சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம், பேசாமல் விலகியும் போகலாம். இவனுக்கு மேடை வேண்டியிருக்கிறது.

அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் எப்படி எடுபட்டது? நாடகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆண்கள் ஒரே மாதிரி ஜோக்காக அடித்துக்கொண்டிருக்கிறார்கள்: மனைவி ஏமாற்றுவாள், கணவன் தலையில் கொம்பு முளைக்கும். முதல் காட்சியிலேயே லியோனாட்டோ, ஹீரோ தன் மகள்தான் என்று அவள் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள் என்று ஜோக்கடிக்கிறார். மகள் பக்கத்தில் நிற்கும்போது! எல்லோரும் சிரிக்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம். பெண் என்றால் ஏமாற்றுவாள் என்பது அத்தனை நாள் வேடிக்கையாகப் புழங்கிய இடத்தில், டான் ஜான் புதிதாக எதையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொம்பு ஜோக்கை அதிகம் அடித்தவன் யார் என்று பார்த்தால், நம் பெனடிக்தான். கல்யாணமே வேண்டாம் என்பதற்கு அவன் வைத்திருந்த காரணமே அதுதான்.

அதனால்தான் தேவாலயக் காட்சியில் நான் பெனடிக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஹீரோ மயங்கி விழுகிறாள். இளவரசனும் தம்பியும் கிளாடியோவும் வெளியேறுகிறார்கள். அவர்களோடு வந்த பெனடிக் போகவில்லை. பெற்ற அப்பாவே 'கண் திறக்காதே, செத்துப்போ' என்கிற மாதிரி கத்துகிறார். இரண்டு இளவரசர்களும் கிளாடியோவுமா பொய் சொல்வார்கள் என்பது அவருடைய வாதம். பெரிய மனிதர்களான ஆண்கள் சொல்லிவிட்டார்கள், முடிந்தது. பாதிரியார் ஒருவர், அந்தப் பெண்ணின் முகத்தைக் கவனித்ததை வைத்தே இவள் குற்றமற்றவள் என்கிறார். பியாட்ரிஸோ ஒரு நொடிகூடத் தடுமாறாமல் இது அபாண்டம் என்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு இவர்கள் இருவரும் தனியாக நிற்கிறார்கள். அவள் அழுதுகொண்டிருக்கிறாள். காதலைச் சொல்கிறான். உனக்காக என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். 'கிளாடியோவைக் கொல்' என்கிறாள். பல மேடைகளில் இந்த இடத்தில் அரங்கம் சிரித்துவிடுகிறது. சிரிப்பு வந்தால் நடிகை தோற்றுவிட்டாள் என்று நினைக்கும் இயக்குநர்கள் உண்டு. சிரிக்கட்டும், அடுத்த வரியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கினால் போதும் என்பது என் எண்ணம். பெனடிக் முதலில் முடியவே முடியாது என்கிறான். அவள் கொதிக்கிறாள்: நான் ஓர் ஆணாக மட்டும் இருந்தால், அவன் இதயத்தைச் சந்தையில் வைத்துத் தின்பேன் என்கிறாள். அந்தக் காலத்து லண்டன் மேடையில் பெண் வேடம் போட்டவர்கள் பையன்கள். பாவாடை கட்டிய ஒரு பையன் 'நான் ஆணாக இல்லையே' என்று குமுறியிருக்கிறான். 1600இல் அச்சாகிவிட்ட நாடகம் இது, நினைவிருக்கட்டும்.

அப்போது பெனடிக் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்தான் என்று உன் ஆத்மா நம்புகிறதா? ஆமாம் என்கிறாள். போதும், அவனைச் சண்டைக்கு அழைக்கிறேன் என்கிறான். சாட்சி கேட்கவில்லை. சாட்சி அப்போது டாக்பெரி என்ற காவல்காரனின் பிடியில் இருக்கிறது. அந்த ஆளின் உளறலால் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை. உண்மை வெளிவருவதற்கு முன்பே பெனடிக் போய் நண்பனிடம் சவால் விடுகிறான். இளவரசனிடமும், இனி உங்களோடு எனக்குச் சகவாசம் இல்லை என்று சொல்லிவிடுகிறான். ஜன்னலைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பியாட்ரிஸின் ஒரு சொல் மறுபக்கம். அந்தச் சொல்லுக்காகச் சேர்க்கையையே விட்டுவருகிறான். அவன் எழுத முயன்று பாதியில் நிற்கும் அந்தக் கவிதையெல்லாம் இதற்குமுன் எம்மாத்திரம்? பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இந்த இருவரையும் வைத்து 1862இல் ஓபரா எழுதியபோது டான் ஜானின் சதியையே நீக்கிவிட்டார். இசை அருமையாக இருக்கலாம். ஆனால் பெனடிக் எதற்குத் தகுதியானவன் என்பதை நிரூபிக்கும் இடமே போய்விட்டதே!

இன்னொரு விஷயம். 1600 பதிப்பின் மேடைக் குறிப்புகளில் லியோனாட்டோவின் மனைவி இன்னோஜென் வருகிறாள். ஒரு வசனம்கூடக் கிடையாது. பேசாத பாத்திரம் எதற்கு என்று பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் பெயரையே எடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் பியாட்ரிஸைப் பார்த்து 'உன் வாயை அடைக்கிறேன்' என்று ஒரு வரி வரும். பழைய பதிப்புகளில் அதைச் சொல்வது லியோனாட்டோ. 1733இல் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர் அதை எடுத்துப் பெனடிக்குக்குக் கொடுத்தார், முத்தமிட்டுக்கொண்டே சொல்லட்டும் என்று. பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். யார் சொன்னாலும் சரி, அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை பியாட்ரிஸுக்கு வசனமே இல்லை. இது எனக்கு உறுத்தல்தான். அவள் சொல்லை நம்பியவன் வாயில் அந்த வரியை வைத்தது இன்னும் உறுத்தல். அதை லியோனாட்டோவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்த மனிதருக்குப் பொருந்தும்.

பாதிரியாரின் யோசனைப்படி, ஹீரோ செத்துவிட்டாள் என்று ஊரை நம்பவைத்திருந்தார்கள். உண்மை வெளிவந்த பிறகு, லியோனாட்டோவின் தம்பி மகள் என்று சொல்லி முகத்திரையோடு ஒரு பெண்ணைக் கிளாடியோவுக்குக் கொடுக்கிறார்கள். அவள் ஹீரோவேதான். ஹீரோ முகத்திரையை விலக்கி, ஒரு ஹீரோ பழியோடு செத்தாள், நான் உயிரோடு இருக்கிறேன், களங்கமில்லாதவள் என்கிறாள். மன்னித்தேன் என்ற சொல் அவள் வாயில் எங்கும் இல்லை. அதற்குப் பிறகு கிளாடியோவிடம் அவள் பேசும் வசனமும் இல்லை. பியாட்ரிஸ் எழுதிவைத்த காதல் கவிதையை எடுத்துக் காட்டுவதற்காக ஒருமுறை வாய் திறப்பதோடு சரி. கிளாடியோவோ அதற்குள் பெனடிக்கைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிடுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் ஏமாற்றுவாய் என்று, அதே பழைய ஜோக்.