வேலைக்கு வர விருப்பமில்லையாம்

முந்தநாள் எங்கட திருகோணமலை மாவட்டத்தில ஒரு கூட்டம் நடந்தது, வீடியோவும் பார்த்திருப்பீங்கள். "எங்கட பொம்பிளையளுக்கு வேலைக்கு வர விருப்பமில்லை" எண்டு மைக்கைப் பிடிச்சுச் சொன்னார் அங்க பேசின ஒரு பெரியவர். முன்வரிசையில கைதட்டினவையும் இருக்கினம். ரெண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தன், ஏலேல்லை.

விருப்பமில்லாமலா மூதூரிலயும் கிண்ணியாவிலயும் இருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகினம்? மூதூர் ரிசானா நபீக் 2005இல போகேக்க 17 வயதுப் பிள்ளை. வயதைக் கூட்டிப்போட்ட பாஸ்போர்ட். வேலை செய்த வீட்டுக் குழந்தையைக் கொண்டா எண்டு தீர்ப்புச் சொல்லி, 2013 ஜனவரி 9, சவூதியில அவவின்ர தலையை வெட்டினவை. அந்தப் பிள்ளை பிறந்த மாவட்டத்தில நிண்டு இப்பிடிச் சொல்ல எப்பிடி வாய் வந்தது?

இலங்கையில 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பத்துப் பேரில ஏழு பேரளவில தொழிற்படையில, அதாவது வேலை செய்துகொண்டோ வேலை தேடிக்கொண்டோ, இருக்கினம். பெண்களில மூண்டு பேர்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில பெண்பிள்ளையள்தான் கூட. விருப்பமில்லாமலா படிச்சவை?

நான் நிலாவெளியில ஒரு ஹோட்டலில கணக்கு எழுதினனான். வேலை முடிய இரவு ஏழரை. டவுனுக்கு பஸ் இராது. ஓட்டோவுக்குக் குடுத்தால் அண்டைய சம்பளத்தில பாதி போயிடும். மகள் பிறந்தா. சட்டத்தில 84 நாள் லீவு இருக்கு, எடுத்தன். 85ஆம் நாள் பிள்ளையை ஆரிட்ட விடுறது? வேலையை விட்டன். விருப்பமில்லாமல் விடேல்லை, அழுதுகொண்டு விட்டனான்.

"ஆம்பிளையளும்தான் கஷ்டப்படுகினம்" எண்டு கீழ எழுத வருவீங்கள். ஓம். என்ர தம்பி சீமெந்து மூட்டை தூக்கி இடுப்பு போனவன். ஆனால் அவன் வேலையால வரேக்க சோறு மூடி வச்சிருக்கும். "வீட்டைப் பாக்கிறதும் பெரிய வேலைதானே" எண்டும் சொல்லுவீங்கள். அவ்வளவு பெரிய வேலையெண்டால் பங்குபோட ஏன் ஒருத்தரும் வாறேல்லை?

கூலியையும் சொல்லவேணும். தம்பலகாமத்தில ஒரே வயல், ஒரே வெயில், ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைய. சம வேலைக்குச் சம சம்பளம் எண்ட சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இலேயே ஏற்றது. வரப்புக்கு அது இன்னும் வந்து சேரேல்லை.

எங்கட அம்மா திருக்கடலூரில கருவாடு போட்டவ. விடியக்காத்தால மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவச்சு, காகத்துக்குக் காவல் இருந்து வித்த காசிலதான் நாங்கள் படிச்சம். ஒருநாள் கணக்கெடுக்க வந்த பொடியன், "அம்மா என்ன வேலை?" எண்டு கேட்டான். "அவ சும்மா வீட்டிலதான்" எண்டார் அப்பா. அவனும் அப்பிடியே எழுதினான்.

அம்மா உப்புப் புண் கையை முந்தானையில துடைச்சுக்கொண்டு, அவனுக்குத் தேத்தண்ணி போடப் போயிட்டா.