நாலு நாள் வேலை: திரும்பிப் போக வழி இருக்கிறதா?

"வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை" என்று கேட்டதும் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 ஊழியர்களை வைத்துச் செய்து பார்த்தது, வேலை நேரத்தையே குறைப்பது. வாரத்துக்கு 40 மணி நேரம் 35, 36 ஆனது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. பல ஆபீஸ்களில் இப்போது பேசப்படுவது அது இல்லை. அதே 40 மணி நேரத்தை நாலு நாளுக்குள் திணிப்பது. அதாவது நாளுக்குப் பத்து மணி நேரம்.

நான் ஒரு வருஷம் அப்படி வேலை பார்த்தவன். நல்லதை மறைக்க மாட்டேன். அந்த ஐந்தாவது நாளில் லீவு போடாமல் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக முடிந்தது, எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் எட்டு மணி நேரம் தாண்டியபின் ஒரே மெயிலை மூன்று முறை படித்துக்கொண்டிருப்பேன். நாலு நாளும் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். போதாக்குறைக்கு, ஐந்தாவது நாளும் போன் வரும், "ரெண்டே நிமிஷம்" என்று.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இது ஒத்துவரவே இல்லை. காப்பகம் மாலையிலேயே மூடிவிடும், பிள்ளையை யார் கூட்டி வருவது? பழையபடி ஐந்து நாளே வருகிறேன் என்று கேட்டார். "எல்லாரும் மாறியாச்சு, ஒருத்தருக்காக மாத்த முடியாது" என்றார்கள். வேலையை விட்டுவிட்டார். நல்ல வேலைக்காரி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெல்ஜியம் 2022இல் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்தது இதனால்தான். அங்கே நாளுக்கு ஒன்பதரை மணி நேரம்வரை வேலை பார்த்து வாரத்தை நாலு நாளில் முடிக்கலாம். ஆனால் கேட்க வேண்டியது ஊழியர். ஒரு முறை கேட்டால் அதிகபட்சம் ஆறு மாதம். வேண்டுமென்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழைய நேரத்துக்கே போய்விடலாம். மறுத்தால் முதலாளி காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரத்தை மாற்றித் தரச்சொல்லி விண்ணப்பிக்கலாம். முன்பு 26 வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் பதில் வர வேண்டும், ஊழியரோடு பேசாமல் மறுக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனாலும் அது கேட்கும் உரிமை மட்டுமே. சட்டம் அடுக்கியிருக்கும் எட்டுக் காரணங்களில் ஒன்றைக் காட்டி மறுத்துவிடலாம்.

1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கையே நாளுக்கு எட்டு மணி நேரம் என்பதுதான். அதைத் தாண்ட ஒருவர் தானாக முன்வந்தால், அது அவர் விருப்பம். மேலிருந்து சுற்றறிக்கையாக வந்தால் அது வெறும் நீண்ட ஷிஃப்ட்.

உங்கள் ஆபீஸிலும் இந்தப் பேச்சு வந்தால், எந்த நாள் லீவு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் பழைய நேரத்துக்குத் திரும்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.