மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்
ஹெச்ஐவி உள்ள கர்ப்பிணிகளின் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்கு, அதாவது செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் உடலில் மிகுந்துவிடும் நிலைக்கு, கூடுதல் வைட்டமின் மாத்திரையே தீர்வு என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லா வைட்டமினும் ஒன்றல்ல. தான்சானியாவில் நடந்த ஆய்வில் பி, சி, ஈ கலந்த மாத்திரைகள் எடை குறைந்த பிறப்புகளைக் குறைத்தன, ஆனால் வைட்டமின் ஏ கொடுத்தபோது குழந்தைக்குத் தொற்று பரவுவது கூடியது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஹெச்ஐவிக்குக் கொடுக்கும் கூட்டு மருந்தே இந்த அழுத்தத்தைக் கூட்டுவதால் பிரசவம் வரை நிறுத்திவைக்கலாம் என்கிறார். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்! சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகலாம். முறையான சிகிச்சையில் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண் ஒருவரை எனக்குத் தெரியும். நிறைமாதம் நெருங்கும்வரை டோலுடெக்ராவிர் என்ற ஹெச்ஐவி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாகவே விழுங்கி வந்தார். அப்படி எடுத்தால் இரும்பு அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு எடுக்கலாம். இல்லையென்றால் இரும்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். கடலுக்குப் போகிறவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு செவிலியர் கேட்டார், இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொடுத்தார். இந்த அழுத்தத்தைச் சமாளிக்க உடலுக்கு உதவும் செலினியம் என்ற தாதுச்சத்து மத்தி மீனிலேயே நிறைய இருக்கிறது. நம் கரையில் அதைப் பிடிக்கும் வீட்டிலேயே கர்ப்பிணியின் தட்டுக்கு அது கடைசியாகத்தான் வருகிறது.