எலி மருந்துன்னா எந்த மருந்து?

"நாய் எலி மருந்தைத் தின்னுடுச்சு டாக்டர்!" காட்பாடியோ குடியாத்தமோ, அழைப்பு இப்படித்தான் தொடங்குது. எந்த மருந்துன்னு கேட்டா, "கவரைக் குப்பையில போட்டுட்டோம்." இதுதான் வயித்தெரிச்சல். எலி மருந்துன்னா ஒரே மருந்து இல்லைங்க, பல வகை இருக்கு.

ஜிங்க் பாஸ்பைடு கருஞ்சாம்பல் தூள். வயித்து அமிலம் பட்டதும் நச்சு வாயு கிளம்பும், சில மணி நேரத்துல உயிரே போகலாம். பாவம்னு சோறு ஊட்டினா அமிலம் சுரந்து வாயு இன்னும் கூடும். நாய் வாந்தி எடுத்தா பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் ஆபத்து, ஜன்னலைத் திறந்துடுங்க.

கட்டியா வர்ற எலி மருந்தான புரோமடியோலோன் கேக் வேற கதை. 3 முதல் 5 நாள் வரைக்கும் நாய் நல்லாவே ஓடியாடும், அப்புறம்தான் உள்ளே ரத்தம் கசியும். "நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. ரத்தம் உறைய உதவுற வைட்டமின் கே1 வாரக்கணக்குல கொடுக்கணும்.

நமக்குப் போன் வர்றதுக்குள்ள பாதி வீட்டுல வாந்தி வரட்டும்னு நாய் வாயில உப்புத் தண்ணி ஊத்தி முடிச்சிருப்பாங்க! அது நுரையீரலுக்குள்ள இறங்கும், ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பும் வரும். தயவுசெஞ்சு வேண்டாம்.

குப்பையைக் கிளறியாவது கவரை எடுங்க. மருந்துப் பேரு, நாயோட எடை, தின்ன அளவு, தின்ன நேரம், இந்த நாலும் போதும். வலிப்பு ஆரம்பிச்சிருந்தா வாயில எதையும் ஊத்தாம நேரா ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்க, கவரும் கையில இருக்கட்டும்.