ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸாம்!

திங்கட்கிழமை மீட்டிங்கில் முடிவு செய்துவிட்டார்கள். இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் எழுதிய மாற்றங்களை மக்கள் பயன்படுத்தும் ஆப்பில் ஏற்றுவது, அதாவது புரொடக்‌ஷன் ரிலீஸ். போன வெள்ளிக்கிழமை ரிலீஸ் சொதப்பியதுதான் காரணமாம். வயிறு எரிகிறது. மூன்று மாதத்து மாற்றங்களை மூட்டையாகக் கட்டி ஒரே ராத்திரியில் ஏற்றியதால்தானே சொதப்பியது? அதற்கு மருந்து மூட்டையை இன்னும் பெரிதாக்குவதா?

பாலக்கோடு பக்கம் சில தக்காளி மண்டிகள் எங்கள் ஆப்பில்தான் எடைச்சீட்டு போடுகின்றன. இதுவரை பெட்டிக்கு விலை போட்டவர்கள், இனி கிலோவுக்கு விலை வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கை. சீட்டு விவரங்களைச் சேமிக்கும் டேபிளில் விலைக்கான ஒரு ஃபீல்டு மாற வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதல் நாளே சொன்னேன். பழைய ஃபீல்டில் கை வைக்க வேண்டாம். பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்ப்போம், அது ஒரு ரிலீஸ். அப்புறம் இரண்டிலும் எழுதுவோம், அது ஒரு ரிலீஸ். பழைய சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவோம். எல்லாம் சரி என்றால் புதியதிலிருந்து படிக்க ஆரம்பிப்போம். பழையதை யாரும் தொடவில்லை என்று தெரிந்த பிறகு அதை எடுப்போம். ஐந்து சின்ன ரிலீஸ். மண்டியில் ஒரு நிமிடம்கூட வேலை நிற்காது. எந்தப் படியில் கோளாறு வந்தாலும் ஒரு படி இறங்கிக்கொள்ளலாம்.

"அஞ்சு ரிலீஸுக்கு அஞ்சு அப்ரூவலா? ஒரே அடியா முடிங்க" என்றார் மேனேஜர்.

முடித்தோம். வெள்ளி இரவு 10 மணிக்கு சர்வரை நிறுத்தினோம். மற்ற 42 மாற்றங்களும் அதே மூட்டையில். விலையையெல்லாம் கிலோ கணக்குக்கு மாற்றி, பழைய ஃபீல்டை அழித்து, புதிய கோடை (புரோகிராமை) ஏற்றி, 1 மணிக்குத் திறந்தோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. எல்லோரும் தூங்கப் போனார்கள்.

4:10க்கு சித்தப்பா போன். மாரண்டஹள்ளியிலிருந்து சின்ன யானையில் 40 பெட்டி ஏற்றிக்கொண்டு வந்து மண்டியில் நிற்கிறார். "டேய் கண்ணு, சீட்டுல தொகை சைபர்னு வருதுடா. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்." வாட்ஸ்அப்பில் போட்டோவும் வந்தது. சுருண்டு கிடக்கும் வெள்ளைச் சீட்டு. பெட்டி 40, எடை சரி, தேதி சரி, கீழே தொகை 0.00. சீட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை.

காரணம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மண்டிக் கணக்குப்பிள்ளைகளின் போனில் இருப்பது பழைய ஆப். அது பழைய பெயரில் விலையை அனுப்புகிறது. புதிய சர்வருக்கு அந்தப் பெயரே தெரியாது. விலையை விட்டுவிட்டு சைபர் என்று எழுதிக்கொள்கிறது. சர்வரை ஒரு ராத்திரியில் மாற்றலாம், ஊரிலுள்ள போன்களையெல்லாம் மாற்ற முடியுமா? பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடித்தான் ஆக வேண்டும். இதைத்தானே தலைபாடாய் அடித்துக்கொண்டேன்!

ரோல்பேக்குக்கும், அதாவது பழைய நிலைக்கே திரும்பவும், வழியில்லை. பழைய கோடுக்குப் பழைய ஃபீல்டு வேண்டும், அதை நாங்களே அழித்துவிட்டோம். பேக்கப்பை ஏற்றினால் மூன்று மணி நேரம், அதோடு விடியற்காலையிலிருந்து போட்ட சீட்டெல்லாம் போய்விடும். மேனேஜருக்கு ஆறு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய பெயரையும் ஏற்றுக்கொள்ளும்படி நானே எழுதினேன். ஒன்பது வரி. அதை ஏற்ற அனுமதி கொடுக்க ஆள் கிடைத்தபோது 6:50.

அதற்குள் கணக்குப்பிள்ளை அட்டையைக் கிழித்து அதில் பேனாவால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாராம். வாங்க வந்த லாரி வேறு மண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. வெயில் ஏறிய பிறகு பெட்டிக்கு 40 ரூபாய் குறைத்துத்தான் சித்தப்பா கொடுத்துவிட்டு வந்தார். 1,600 ரூபாய் போச்சு. பறிகூலியும் வண்டி வாடகையும் குறையுமா? அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னேன். மேனேஜர் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையை எடுத்தார். 2012இல் அமெரிக்காவில் ஒரே ஒரு ரிலீஸால் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போனது, அதனால் ரிலீஸைக் குறைக்க வேண்டுமாம். அங்கே நடந்தது என்ன? எட்டு சர்வரில் ஒன்றுக்குப் புதிய கோடை காப்பி பண்ணாமல் விட்டுவிட்டார்கள். வருடக்கணக்கில் செத்துக் கிடந்த பழைய கோடு அந்த ஒன்றில் மட்டும் உயிர்பெற்று ஆர்டர் மேல் ஆர்டராகப் போட்டுத் தள்ளியது. கையால் ஏற்றாதே, செத்த கோடை வைத்திருக்காதே என்றல்லவா அது சொல்கிறது? ஃபிளிக்கர் என்ற போட்டோ வெப்சைட்காரர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் ரிலீஸ் செய்கிறோம் என்று 2009லேயே மேடையேறி விளக்கினார்கள். சின்னச் சின்னதாகப் போட்டால் எது உடைந்தது என்று உடனே தெரியும். 43 மாற்றத்தை ஒன்றாகக் கொட்டினால் எங்கே போய்த் தேடுவது? அதுவும் எல்லோரும் தூங்கும் நேரத்தில்! பகல் 11 மணிக்கு, ஆட்கள் எல்லாம் ஆபீஸில் இருக்கும்போது போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் இன்னொன்று. அதே சனிக்கிழமை காலை 6 முதல் 7:30க்குள் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான்தான், என் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். நான் மாடியில் சர்வர் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். சரி, ராத்திரி முழுக்க முழித்ததற்காவது ஒரு காம்ப் ஆஃப், அதாவது பதிலுக்கு ஒரு நாள் லீவு, கொடுங்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை லீவு நாள்தானே, அதற்கெல்லாம் கிடையாது என்று எச்ஆர் மெயில் வந்திருக்கிறது. அக்கா இன்னும் என் போனை எடுக்கவில்லை.