கொய்யாவுக்கு எதற்கு சட்டை?

குடியிருப்பது பழநியில். கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் கொய்யா கேட்டால், வெள்ளை வலைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் தாய்லாந்து ரகத்தை நீட்டுகிறார்கள். பார்க்கப் பெரிசு, கடித்தால் வெள்ளரிக்காய்.

"நம்மூர்க் கொய்யா இல்லையா தம்பி?"

"அது சீக்கிரம் கனிஞ்சிடும் சார், வச்சு விக்க முடியாது."

பழம் கனிவது ஒரு குற்றமா!

சரி, உழவர் சந்தைக்குப் போகலாம் என்றால் அது விடிகாலைக் கூத்து. 1999ல் மதுரை அண்ணா நகரில் ஆரம்பித்த அருமையான திட்டம்; தரகர் கிடையாது, விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார்கள். எல்லாம் சரிதான், நான் பல் தேய்த்துவிட்டுப் போய்ச் சேரும்போது வாடின கீரைக்கட்டு இரண்டுதான் மிச்சம். (தப்பு என் தூக்கத்தின் மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

கடைசியில் பஸ் ஸ்டாண்டில் கூடைக்கார அம்மாவிடம்தான் கிடைத்தது. காம்பில் இலையோடு, மூக்கைத் துளைக்கிற வாசனையோடு. எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "பத்து ரூபா குறைச்சுக்கம்மா" என்று கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். அவர் கையில் அதே சூப்பர் மார்க்கெட் பை. உள்ளே வெள்ளை வலைச் சட்டை.