ஓடிக்கொண்டிருக்கும் அப்ளையன்ஸுக்குள் நுழைந்து பேட்ச் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரிட்டில், அதாவது பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பில், எட்டு வெப்சர்வர் அப்ளையன்ஸ்களை (ஒரே வேலைக்கென இயங்குதளத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட மெய்நிகர் இயந்திரங்களை) கவனிக்கும் பொறுப்பில் இருந்தேன். ஒரு பாதுகாப்புக் குறைபாடு அறிவிக்கப்பட்ட அன்றிரவே எட்டிலும் ஒவ்வொன்றாக உள்நுழைந்து, இயங்குதளத்தை அப்டேட் செய்து, சேவைகள் திரும்ப எழுந்தனவா என்று பார்த்துவிட்டு, வேலை முடிந்தது எனப் பதிவேட்டில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு நோடில், அதாவது கிரிட்டின் கணினிகளில் ஒன்றில், வன்பொருள் பழுதானது. அதில் இருந்த இரண்டு அப்ளையன்ஸ்களைக் கிரிட் தானாகவே வேறொரு நோடில் எழுப்பியது. தளம் சில நொடிகள்கூடத் தடைபடவில்லை. அடுத்த பாதுகாப்புச் சோதனையில்தான், அவ்விரண்டும் ஓட்டை அடைபடாத பழைய இயங்குதளத்தோடு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. கிரிட் அவற்றை மூல இமேஜிலிருந்து, அதாவது அப்ளையன்ஸ் எழுவதற்கு அச்சாக இருக்கும் டிஸ்க் நகலிலிருந்து, எழுப்பியிருந்தது. நான் செய்த திருத்தம் மூல இமேஜில் இல்லை.

அன்று கிரிட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. தனிச் சர்வரைப் பராமரிக்கும் பழக்கத்தை அப்படியே அப்ளையன்ஸுக்குள் கொண்டுபோன என் அணுகுமுறைதான் பிழை. அந்தப் பழக்கம் இன்றும் பரவலாக இருப்பதைப் பார்ப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கிரிட் ஹோஸ்டிங் 2000களின் நடுவில் வேரூன்றியபோது அதன் ஈர்ப்பே இயங்குதளம் கண்ணில் படாததுதான். த்ரீடெரா நிறுவனத்தின் ஆப்லாஜிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் சென் ஹைப்பர்வைசரின் மேல் இயங்கிய அந்த அமைப்பில் லோடு பேலன்சர், ஃபயர்வால், வெப்சர்வர், டேட்டாபேஸ் ஆகியவற்றைத் தனித்தனி அப்ளையன்ஸ்களாகத் திரையில் இழுத்து வைத்து, கோடுகளால் இணைத்து, ஒரு முழுச் செயலியையே வரைந்துவிடலாம். 2010இல் அந்நிறுவனத்தைச் சிஏ என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் டிஎம்டிஎஃப் என்ற தரநிலை அமைப்பு ஓவிஎஃப் 1.0 தரநிலையை வெளியிட்டது. அப்ளையன்ஸ்களைப் பொதியாகக் கட்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்ல அது பொது வடிவம் தந்தது. அப்ளையன்ஸ் என்ற சொல் வீட்டுச் சாதனத்தை நினைவூட்டுகிறது: மின்சாரம் கொடுத்தால் ஓடும், உள்ளே என்ன இருக்கிறது என்று பயனர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த லோடு பேலன்சர் சின்னத்துக்குள் ஒரு முழு லினக்ஸ் இருக்கிறது. அதற்குக் கர்னல் என்ற மையப்பகுதி உண்டு, லைப்ரரிகள் உண்டு, பயனர் கணக்குகள் உண்டு, ஆதரவு முடியும் நாளும் உண்டு. திரையில் தெரியாததை யாரும் தம் பொறுப்பென்று எடுத்துக்கொள்வதில்லை. ஹோஸ்டிங் வழங்குபவர் நோடுகளைப் பார்த்துக்கொள்கிறார், வாடிக்கையாளர் தன் செயலியைப் பார்த்துக்கொள்கிறார், இடையில் இருக்கும் இயங்குதளத்தை இருவருமே மற்றவர் கவனிப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கர்னல் விஷயத்தில் இந்தக் குழப்பம் உச்சத்தைத் தொட்டது. சென் ஹைப்பர்வைசரின் பாராவர்ச்சுவல் முறையில் (ஹைப்பர்வைசரோடு ஒத்துழைக்கும்படி கர்னலையே மாற்றியமைக்கும் முறை) விருந்தினர் இயந்திரத்தின், அதாவது மேலே ஓடும் மெய்நிகர் இயந்திரத்தின், கர்னல் பெரும்பாலும் அந்த இயந்திரத்தின் டிஸ்க்கில் இருக்காது. அது வெளியே, ஹோஸ்டின் (அதைத் தாங்கும் கணினியின்) பக்கம் வைக்கப்பட்டு, இயந்திரம் எழும்போது கொடுக்கப்படும். உள்ளே இருந்தபடி கர்னல் அப்டேட் செய்தால் கட்டளை வெற்றி என்று சொல்லும், புதிய கோப்புகளும் டிஸ்க்கில் வந்து அமரும், ஆனால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் ஓடுவது பழைய கர்னல்தான். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது: ஹோஸ்டின் பக்கம் கர்னலை மாற்றிவிட்டு, அதற்குப் பொருத்தமான மாட்யூல்களை (கர்னலின் துணைப் பகுதிகளை) இமேஜுக்குள் வைக்க மறந்தால், நெட்வொர்க் விதிகளோ கோப்பு முறைமையோ ஏற்ற முடியாமல் அப்ளையன்ஸ் பாதியில் நின்றுவிடும். பைகிரப் போன்ற கருவிகள் விருந்தினரின் டிஸ்க்கிலிருந்தே கர்னலை எடுக்க வழி செய்தன. அமேசான் இசி2வும் 2010இல் பயனர் தம் சொந்தக் கர்னலை ஏற்ற அனுமதித்தது. அதற்குப் பிறகும், எழுந்து நிற்கும் அப்ளையன்ஸில் எந்தக் கர்னல் ஓடுகிறது என்பதை நேரில் கேட்டுப் பார்க்காமல், நிறுவிய மென்பொருள் பொதிகளின் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் இருக்கிறார்கள்.

டிஸ்க்குகளைப் பிரித்து வைப்பதுதான் இந்தத் துறையின் மிகச் சிறந்த யோசனை என்று நான் கருதுகிறேன். இயங்குதளம் ஒரு டிஸ்க்கில், படிக்க மட்டும் முடியும்படி. அமைப்பு விவரங்கள் எழும் நேரத்தில் வெளியிலிருந்து வர வேண்டும். தரவுகள் தனி டிஸ்க்கில். இப்படி வைத்தால் இயங்குதளத்தை மாற்றுவது ஒரு டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்தும் வேலையாகிவிடுகிறது. சோதனையில் தவறினால் பழையதையே திரும்பப் பொருத்தலாம். ஆனால் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரே மூல இமேஜின் மேல் மாற்றங்களை மட்டும் சேமிக்கும் மேலடுக்குகளை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மேலடுக்கில் இருப்பது மாறிய பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) மட்டுமே. மீதி அனைத்தையும் அது கீழே இருக்கும் மூலத்திலிருந்துதான் படிக்கிறது. ‘மூலத்தை ஒரு முறை அப்டேட் செய்துவிட்டால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்’ என்று எண்ணி அந்த மூல இமேஜைத் திறந்து மாற்றினால், அதன் மேல் நிற்கும் ஒவ்வொரு அப்ளையன்ஸின் கோப்பு முறைமையும் சிதையக்கூடும். மூலத்துக்குப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் புதிய இமேஜாகத்தான் கட்ட வேண்டும்; பழையதைத் தொடக்கூடாது.

நகலெடுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஓர் இமேஜிலிருந்து நூறு அப்ளையன்ஸ்கள் பிறக்கும்போது, அந்த இமேஜில் இருந்த எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ (தொலைவிலிருந்து உள்நுழையும்போது இயந்திரத்தை அடையாளம் காட்டும் சாவி), மெஷின் ஐடி, ஆரம்பக் கடவுச்சொல் ஆகியவையும் நூறு இடங்களுக்குப் போகின்றன. ஒன்றின் ரகசியம் கசிந்தால் நூறும் கசிந்ததாகவே கொள்ள வேண்டும். டெபியன் லினக்ஸில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் 2008 மே மாதம் வெளிப்பட்ட குறைபாடு இதை உணர்த்தியிருக்க வேண்டும். 2006இல் நுழைந்த ஒரு மாற்றத்தால், சாவி உருவாக்கத்தில் தற்செயலாக மாறக்கூடியதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண் மட்டுமே. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் ஏறத்தாழ 32,768தான். லைப்ரரியை அப்டேட் செய்தாலும் ஏற்கெனவே பிறந்த சாவிகள் பலவீனமாகவே இருந்தன. அவற்றை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. உறைந்த இமேஜ்களுக்குள் அந்தச் சாவிகள் கிடந்தால், இமேஜ் எழும் ஒவ்வொரு முறையும் அவையும் உயிர்பெறும். ஆகவே, அடையாளம் தொடர்பான எதுவும் இமேஜுக்குள் இருக்கக்கூடாது, முதல் முறை எழும்போதுதான் உருவாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் குறைபாடு வந்தபோது இந்தப் பொறுப்புக் கேள்வி முழு வீச்சில் எழுந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிக்கப்பட்டவை, 1.0.1ஜி திருத்தப்பட்டது. ஆனால் ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கே கொண்டுவந்து சேர்ப்பதால், சரிசெய்யப்பட்ட பொதியும் 1.0.1இ என்றே காட்டியது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தவர்களில் சிலர் சரியாக இருந்ததைக் கண்டு பதறினார்கள். பொதியை மாற்றிவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்யாதவர்களிடம் பழைய லைப்ரரி நினைவகத்தில் தொடர்ந்து ஓடியது. எந்த இமேஜ் எந்தப் பொதிகளைக் கொண்டு, எந்த நாளில் கட்டப்பட்டது என்ற விவரம் கையில் இருந்தவர்களால், எவை பாதிக்கப்பட்டவை என்று உடனே சொல்ல முடிந்தது. மற்றவர்கள் ஒவ்வோர் அப்ளையன்ஸாக உள்நுழைந்து தேட வேண்டியிருந்தது.

ஆதரவு முடியும் நாளும் இதே கணக்கில்தான் வருகிறது. சென்ட்ஓஎஸ் 5க்கு 2017 மார்ச் 31, சென்ட்ஓஎஸ் 6க்கு 2020 நவம்பர் 30, சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30. சென்ட்ஓஎஸ் 8ஐ 2029 வரை நம்பியிருந்தவர்களுக்கு, 2021 இறுதியோடு அது நின்றுவிடும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. தனிச் சர்வரில் இருப்பவர் இந்தத் தேதிகளைக் கவனிக்கிறார். ஆயத்த அப்ளையன்ஸ்களின் கேட்டலாக்கிலிருந்து ஒன்றை எடுத்தவருக்கோ, அது எந்த இயங்குதளத்தின் மேல் நிற்கிறது என்பதே பல சமயம் தெரியாது. கேட்டலாக்கில் ஓர் அப்ளையன்ஸை வெளியிடுபவர், அதன் ஆதரவு முடியும் நாளையும் அடுத்த இமேஜைக் கட்டித்தர வேண்டியவர் யார் என்பதையும் அதன் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். அது இல்லாத அப்ளையன்ஸை நான் எடுப்பதில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. டேட்டாபேஸ் அப்ளையன்ஸை வெப்சர்வரைப் போல நினைத்தபோது அழித்து எழுப்ப முடியாது. தரவு டிஸ்க்கைப் பிரித்து வைத்திருந்தாலும் சேவை நிற்கும், பெரிய டேட்டாபேஸ் என்றால் மீண்டும் வேகம் பிடிக்கவும் நேரம் எடுக்கும். ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் உள்ளே நுழைந்து பேட்ச் போடத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் அதே திருத்தம் அன்றைக்கே இமேஜைக் கட்டும் ஸ்கிரிப்டுக்குள் போக வேண்டும், அடுத்த பராமரிப்பு நேரத்தில் அந்த அப்ளையன்ஸ் புதிய இமேஜிலிருந்து எழ வேண்டும். இரண்டாவது படி நடக்கும் வரை முதல் படியை முடிந்ததாக எழுதக்கூடாது. நான் அன்றிரவு எழுதியது போல.

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் இடத்தில் ஒவ்வோர் இமேஜும் மாதம் ஒரு முறை ஸ்கிரிப்டிலிருந்து புதிதாகக் கட்டப்படுகிறது. திருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். காரணம், நெடுநாள் ஓடாத ஸ்கிரிப்டு தேவைப்படும் நாளில் ஓடுவதில்லை. ஓர் அப்ளையன்ஸ் மட்டும் இன்னும் இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. அதைக் கட்டியவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார், எப்படிக் கட்டினார் என்ற குறிப்பு எங்கும் இல்லை, இமேஜ் மட்டும் இருக்கிறது. அதற்குள் இருக்கும் பொதிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாகப் புதிய இயங்குதளத்தில் பொருத்திக்கொண்டிருக்கிறோம், பாதி முடிந்திருக்கிறது.